எந்த பிலிம்? ஒளி, கழுவல், கடை

ஒரு காலத்தில் தமிழ்ப் பட போஸ்டர்களில் நடிகர் பெயர்களோடு பிலிமின் பெயரும் இருந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) கேவா கலர். பிறகு ஈஸ்ட்மென் கலர் வந்தது. எழுபதுகளில் ஆர்வோ கலரும் சேர்ந்துகொண்டது. கேவா பெல்ஜியத்துச் சரக்கு, ஆர்வோ கிழக்கு ஜெர்மனிச் சரக்கு என்பதெல்லாம் டிக்கெட் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பெயரே போதுமானதாக இருந்தது.

ஸ்டில் கேமராவில் பிலிம் போட்டுப் படமெடுக்கும் வழக்கம் திரும்பி வந்திருக்கும் இந்நாளிலும் பெயர்தான் முன்னால் நிற்கிறது. பிலிம் பைத்தியம் பிடித்த இருவர் சந்தித்தால் ‘உங்களுக்கு எது பிடிக்கும்?’ என்ற கேள்வி வராமல் இருக்காது. ஒருவர் போர்ட்ரா என்பார், இன்னொருவர் டிரை-எக்ஸ் என்பார். பேச்சு உடனே நிறத்துக்கும் கிரெயினுக்கும் போய்விடும். என் கட்சி வேறு. நிறமும் கிரெயினும் கடைசியில் கேட்க வேண்டியவை. எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறோம், யார் கழுவப் போகிறார்கள், அடுத்த வருஷமும் அந்த பிலிம் கடையில் இருக்குமா என்ற மூன்றுக்கும் முதலில் பதில் சொல்லிவிட்டால், பட்டியலில் இரண்டு மூன்று பெயர்களே மிஞ்சும். அவற்றில் எது பிடிக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று குடும்பங்கள்

சந்தையில் நூறு பெயர்கள் இருந்தாலும் குடும்பங்கள் மூன்றுதான். கருப்பு வெள்ளை நெகட்டிவ்வில் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. வீட்டுக் குளியலறையிலேயே கழுவிக்கொள்ளலாம். கலர் நெகட்டிவ் 1972-ல் வந்த சி-41 என்ற முறையில் கழுவப்படுவது. போர்ட்ரா, எக்டார், கோல்டு, அல்ட்ராமேக்ஸ், கலர்பிளஸ் எல்லாம் இந்தக் குடும்பம். ஸ்லைடு பிலிம் இ-6 முறையில் கழுவப்படுவது. வெல்வியா, ப்ரோவியா, எக்டாகுரோம் இதில் சேரும்.

இவற்றுக்குள் பெரிய வேறுபாடு, தவறைத் தாங்கும் சக்தி. கலர் நெகட்டிவ்வுக்கு வெளிச்சம் இரண்டு மூன்று ஸ்டாப் கூடிப்போனாலும் படம் பிழைத்துக்கொள்ளும். குறைந்தால்தான் நிழல்கள் சேறாகக் குழம்பும். ஸ்லைடுக்கு அரை ஸ்டாப் தவறினாலே முகம் வெளுத்துவிடும் அல்லது கறுத்துவிடும். நெகட்டிவ்வை நிழலுக்கு அளந்து எடு, ஸ்லைடை வெளிச்சத்துக்கு அளந்து எடு என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் சொல்வது இதனால்தான். டிஜிட்டல் கேமராவில் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. டிஜிட்டலும் ஸ்லைடு மாதிரி வெளிச்சப் பக்கத்தில்தான் உடைகிறது. நெகட்டிவ் அதற்கு நேர் எதிர்.

தோற்றம் என்னும் வாதம்

தோற்றத்துக்காகவே பிலிமைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் வலுவான சாட்சிகள் உண்டு. முதல் சாட்சி கொடாகுரோம். லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கோடவ்ஸ்கி என்ற இரண்டு இசைக் கலைஞர்கள் உருவாக்கிய இந்த ஸ்லைடு பிலிம் 1935-ல் சினிமா பிலிமாகவும், அடுத்த ஆண்டு ஸ்டில் கேமராவுக்கும் வந்தது. சாயங்கள் பிலிமில் இல்லாமல் கழுவும்போது சேர்க்கப்பட்டன. படலம் மெல்லியதாக இருந்ததால் படம் கூர்மையாக வந்தது. இருட்டில் பத்திரப்படுத்தினால் நிறம் பல தலைமுறை நின்றது. பெஷாவர் அகதி முகாமில் 1984-ல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் கொடாகுரோமில் எடுத்தது.

அதே கொடாகுரோம்தான் தோற்றத்தை மட்டும் நம்புவதன் ஆபத்துக்கும் சாட்சி. அதைக் கழுவும் முறை சிக்கலானது; வீட்டில் நடக்காது, சாதாரண லேபிலும் நடக்காது. விற்பனை சுருங்கியபோது லேப்கள் ஒவ்வொன்றாக மூடின. 2009-ல் கொடாக் தயாரிப்பை நிறுத்தியது. ஆலையில் இருந்து வந்த கடைசிச் சுருளை மெக்கரியிடம் கொடுத்தார்கள்; அந்த 36 படங்களில் சிலவற்றை அவர் இந்தியாவில் எடுத்தார். உலகில் கடைசியாகக் கொடாகுரோம் கழுவிய லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பரோடு அதுவும் பிலிமை வாங்குவதை நிறுத்தியது. இன்று யார் வீட்டு அலமாரியிலாவது ஒரு கொடாகுரோம் சுருள் கிடைத்தாலும் அதிலிருந்து அந்த நிறத்தை வெளியே கொண்டுவந்து தர லேப் இல்லை.

இரண்டாவது சாட்சி, 1990-ல் ஃபியூஜி கொண்டுவந்த வெல்வியா. மலை, காடு, பூ எடுப்பவர்கள் கூட்டமாக அதற்கு மாறினார்கள். பச்சையும் சிவப்பும் உள்ளதைவிட ஒரு படி கூடுதலாக எழும் பிலிம் அது. அதே மிகை மனித முகத்தில் விழுந்தால் மாநிறம் செங்கல் நிறமாகிவிடும். ஒரு பிலிமின் அழகும் குறையும் ஒரே இடத்தில் இருப்பதற்கு வெல்வியாவைவிட நல்ல உதாரணம் இல்லை.

மூன்றாவது டிரை-எக்ஸ். 1954-ல் 35 எம்எம் சுருளாக வந்தது முதல் செய்திப் படக்காரர்களின் பிலிமாக இருந்தது. பிரேசிலின் செபஸ்தியாவோ சால்கடோ தன் பெரும் பணிகளை அதில்தான் செய்தார். பின்னாளில் அவர் டிஜிட்டலுக்கு மாறினார். விமான நிலைய எக்ஸ்ரே பிலிமைக் கெடுப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மாறிய பிறகும் தன் படங்களுக்குப் பழைய பிலிமின் சாயலையே கேட்டு வாங்கினார். தோற்றத்தின் மேல் உள்ள பற்று உண்மையானதுதான் என்பதற்கும், அந்தப் பற்றையும் மீறிப் பிலிமை விட வைக்கும் நடைமுறைக் காரணங்கள் இருக்கின்றன என்பதற்கும் அவர் ஒருவரே இரண்டு பக்கச் சாட்சி.

கலர் நெகட்டிவ்வில் தோற்ற வாதம் இன்னும் தளர்கிறது. நெகட்டிவ்வில் கண்ணுக்குத் தெரிவது ஆரஞ்சு நிற முகத்திரை போட்ட தலைகீழ்ப் படம். அதை நேராக்கி, நிறத்தைச் சமன்செய்வது லேபில் இருக்கும் ஸ்கேனரும் அதை இயக்குபவரும். ஒரே போர்ட்ரா சுருளை ஃபியூஜியின் ஃபிரான்டியர் இயந்திரத்திலும் நோரிட்சு இயந்திரத்திலும் ஸ்கேன் செய்தால் இரண்டு பிலிம்கள் என்றே சொல்லத் தோன்றும். மாவு ஒன்றுதான், இரண்டு கடைத் தோசை. அடுத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு பிலிம் வாங்குகிறவர் பாதி நேரம் அவருடைய லேபைத்தான் ரசித்திருக்கிறார்.

வெயிலும் திண்ணையும்

டிஜிட்டலில் ஐஎஸ்ஓவைப் படத்துக்குப் படம் மாற்றலாம். பிலிமில் ஒரு முறை போட்டால் 36 படத்துக்கும் அதே ஸ்பீடுதான். ஆகவே பெட்டியின் மேல் உள்ள எண்தான் முதல் முடிவு.

உச்சி வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் பிலிம் ஸ்பீடுக்குச் சமமான பின்னம். 400 பிலிம் என்றால் 1/500. பழைய சாமான் கடைகளில் இன்றும் கிடைக்கும் யாஷிகா எலக்ட்ரோ 35-ன் உச்ச வேகமே 1/500. எனவே 400 பிலிம் போட்டுச் சித்திரை மாத மதியத்தில் தெருவில் இறங்கினால் அப்பர்ச்சர் எஃப் 16-ல் முட்டி நின்றுவிடும். பின்னணியை மங்கலாக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதே கேமராவில் 100 பிலிம் இருந்தால் எஃப் 8 வரை வரலாம். 1/1000 வேகமுள்ள பென்டாக்ஸ் கே1000 வைத்திருப்பவருக்கு எஃப் 5.6 கிடைக்கும்.

இனி அதே தெருவில் ஒரு திண்ணையைப் பாருங்கள். வெளியே வெள்ளைச் சுவரில் வெயில் அறைகிறது. உள்ளே நிழலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். வெயிலுக்கும் அவர் முகத்துக்கும் இடையே ஐந்து ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். ஸ்லைடு பிலிம் தாங்குவதே மொத்தம் ஐந்து, ஆறு ஸ்டாப்தான். சுவரைக் காப்பாற்றினால் பாட்டி கரும்நிழலாகிவிடுவார். பாட்டியைக் காப்பாற்றினால் சுவர் வெறும் வெள்ளை. நெகட்டிவ் பிலிமில் முகத்தை அளந்து எடுத்தால் இரண்டும் வந்துவிடும், சுவரைப் பிரிண்ட் போடும்போது இறக்கிக்கொள்ளலாம். தலைக்கு மேல் சூரியன் நிற்கும் நாட்டில் ஸ்லைடு பிலிம் காலை ஏழரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் மட்டுமே எடுக்க வேண்டிய சரக்கு. மற்ற நேரத்துக்கு நெகட்டிவ்வே துணை.

இருட்டுக்கு வந்தால் கதை வேறு. கோயில் பிரகாரத்தில் முக்காலி வைத்து எடுப்பவருக்கு பிலிமின் ஸ்பீடைவிட முக்கியமான ஒரு குணம் இருக்கிறது. ஒளி குறைந்து நேரம் நீண்டால் பிலிம் சோர்ந்துபோகும். மீட்டர் காட்டும் நேரம் போதாது. மீட்டர் 10 வினாடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபியூஜி அக்ராஸ் 2-க்கு அந்தப் 10 வினாடியே போதும். 2 நிமிடம் வரை அது சோர்வதில்லை. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸுக்குச் சுமார் 20 வினாடி வேண்டும். செக் நாட்டு ஃபோமாபான் 100-க்கு 80 வினாடி. பெட்டியில் 400 என்று போட்டிருப்பது வேகமான பிலிம் என்று எண்ணுகிறவர், இந்த இருட்டில் 100 என்று போட்ட அக்ராஸ் அதை நெருங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

குங்குமம், பட்டு, முகம்

கருப்பு வெள்ளையில் ‘நிறம் இல்லை’ என்பது பேச்சுக்குத்தான். எந்த நிறத்தை எந்தச் சாம்பலாக மாற்றுவது என்பதில்தான் அந்த பிலிமின் குணமே இருக்கிறது. பச்சைப் பட்டில் அரக்குக் கரை போட்ட கல்யாணப் புடவையைச் சாதாரண பான்குரோமாட்டிக் பிலிமில் எடுத்தால், கண்ணுக்கு அவ்வளவு பளிச்சென்று பிரிந்து தெரிந்த உடலும் கரையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்ளும். லென்ஸுக்கு முன் பச்சை ஃபில்டர் போட்டால் கரை கறுத்து உடல் வெளுக்கும். சிவப்பு ஃபில்டர் போட்டால் தலைகீழ். சிவப்பையே பார்க்காத ஆர்த்தோ பிலிமில் குங்குமம் கறுப்புப் பொட்டாகிவிடும், உதடு கறுக்கும், மாநிற முகம் இன்னும் இரண்டு படி இருளும். தொடக்ககால ஸ்டூடியோப் படங்களில் நம் முன்னோர் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரிவதில் அன்றைய தகடுகளுக்கும் பங்குண்டு. இல்ஃபோர்டு இன்றும் ஒரு ஆர்த்தோ பிலிம் விற்கிறது. மரம், கல், ஆவணம் எடுக்க அருமையானது; நம் முகங்களை எடுக்க யோசிக்க வேண்டியது.

கலர் பிலிமில் தோல் நிறத்தின் கதை இன்னும் கூர்மையானது. பல பத்தாண்டுகள் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கொடாக்கின் ‘ஷெர்லி அட்டை’யில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதுதான் கணக்கு. கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்தவர். பழுப்பு நிறத்தின் நுட்பங்களை பிலிம் பிரித்துக் காட்டவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலிக் கம்பெனிகளும் புகார் செய்த பிறகே கொடாக் அதில் அக்கறை காட்டியது என்று அங்கே வேலை செய்தவர்கள் அவரிடம் கூறினார்கள். பல இன முகங்கள் கொண்ட அட்டை 1990-களில்தான் வந்தது. போர்ட்ராவும் அதே பத்தாண்டின் முடிவில், 1998-ல் வந்த பிலிம்.

இன்றைய கலர் நெகட்டிவ்களில் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது அளக்கும் கையின் பிரச்சினை. வெள்ளை வேட்டி சட்டையில் கறுத்த முகமுள்ள ஒருவரைக் கேமராவின் மீட்டரை நம்பி எடுத்தால், மீட்டர் வேட்டியைக் கண்டு வெளிச்சம் போதும் என்று சொல்லிவிடும், முகம் இருண்டுபோகும். முகத்துக்கு அருகில் சென்று அளக்க வேண்டும், இல்லையேல் ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுக்க வேண்டும். விலை கூடிய பிலிமை வாங்கி இந்த ஒரு ஸ்டாப்பை மறந்தவரின் படத்தைவிட, மலிவான கோல்டு 200-ஐப் போட்டு 100 என்று அளந்து எடுத்தவரின் படத்தில் முகம் நன்றாக இருக்கும்.

யார் கழுவுகிறார்கள்?

கருப்பு வெள்ளை பிலிம்களின் நேரக் கணக்குகள் எல்லாம் 20 டிகிரி தண்ணீரை வைத்து எழுதப்பட்டவை. இல்ஃபோர்டின் ஐடி-11 டெவலப்பரில் எச்பி5 பிளஸுக்கு 7½ நிமிடம் என்று அட்டவணை சொல்கிறது. மே மாதச் சென்னையில் குழாயைத் திறந்தால் 30 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் வருகிறது. அந்தச் சூட்டில் நேரம் மூன்று நிமிடத்துக்குச் சுருங்கும். ஊற்றவும் வடிக்கவும் ஆகும் வினாடிகளே படத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். பிலிமின் ஜெலட்டினும் இளகி, நகம் பட்டால் உரிந்து வரும். ஐஸ் கட்டி போட்ட வாளியில் டெவலப்பர் பாட்டிலை நிறுத்தி 24 டிகிரிக்கு இறக்குவது நம் ஊர் வழக்கம். அதோடு டெவலப்பரைச் சம அளவு தண்ணீர் விட்டு நீர்த்தால் 20 டிகிரிக்கு 13 நிமிடம், 24-ல் ஏறத்தாழ 9 நிமிடம். கை நிதானமாக வேலை செய்ய அது போதும். டெவலப்பரின் சூடு 24 என்றால் ஹைப்போவும் அலசும் தண்ணீரும் அதையொட்டியே இருக்க வேண்டும்.

எந்த பிலிமைத் தேர்வது என்பதற்கு இதில் ஒரு பாடம் உண்டு. எச்பி5 பிளஸ், டிரை-எக்ஸ், எஃப்பி4 பிளஸ் போன்ற பழைய பாணி பிலிம்கள் இரண்டு டிகிரி தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். தட்டைப் படிகங்களால் ஆன டி-மேக்ஸ், டெல்டா வகைகள் கிரெயின் குறைவானவை, கூர்மையானவை. ஆனால் சூட்டிலும் நேரத்திலும் கறாரானவை. வாளியும் ஐஸும் வைத்துக் கழுவுபவருக்கு முதல் வகையே நல்லது. கல்யாண மண்டபத்தின் மங்கிய விளக்கில் எச்பி5 பிளஸை 1600 என்று வைத்து எடுத்துவிட்டு, அதே ஐடி-11-ல் 14 நிமிடம் கழுவினால் படம் வந்துவிடும். நிழல் விவரம் போகும், கான்ட்ராஸ்ட் ஏறும். என்றாலும் முகங்கள் நிற்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கஷ்டம் என்று எல்லோரும் பயப்படும் கலர் நெகட்டிவ்தான் நம் வெப்பத்துக்குத் தோதானது. சி-41 டெவலப்பருக்கு 37.8 டிகிரி வேண்டும், 3 நிமிடம் 15 வினாடி. குளிர்நாட்டில் இதற்காக ஹீட்டர் வாங்குகிறார்கள். கோடையில் நம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கழுவத் தெரியாது, பக்கத்தில் கருப்பு வெள்ளை லேபும் இல்லை என்பவருக்கு இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் இருக்கிறது. கருப்பு வெள்ளைப் படம் தரும், ஆனால் கலர் லேபிலேயே கழுவலாம்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. சினிமாவுக்கான கொடாக் விஷன்3 பிலிமை நீளச் சுருளாக வாங்கி, 36 படக் காசெட்டுகளில் அடைத்து மலிவாக விற்கிறார்கள். அந்த பிலிமின் முதுகில் நெடுங்காலமாகக் கரிப்படலம் ஒன்று இருந்துவந்தது. சொல்லாமல் கலர் லேபில் கொடுத்தால் இயந்திரத்தில் கரி கலந்து மற்றவர் படங்களும் பாழாகும். அந்தப் படலத்தை முன்பே நீக்கி விற்கப்பட்டதுதான் சினிஸ்டில் 800டி. படலம் இல்லாததால் விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழுகிறது. அந்தக் குறையையே அழகு என்று பலர் தேடி வாங்குகிறார்கள்.

கடையில் இருக்குமா?

பெயர்கள் பல, ஆலைகள் சில. அமெரிக்காவில் ராசெஸ்டர் நகரில் கொடாக், இங்கிலாந்தில் மாபர்லியில் இல்ஃபோர்டு பிலிம்களைச் செய்யும் ஹார்மன், ஜப்பானில் ஃபியூஜி, செக் நாட்டில் ஃபோமா என்று எண்ணத் தொடங்கினால் இரண்டு கை விரல்களுக்குள் முடிந்துவிடும். பல புதுப் பெயர்கள் இவற்றில் ஒன்றின் சரக்கை வேறு பெட்டியில் அடைத்தவை. கென்ட்மியரும் ஹார்மன் ஆலைச் சரக்குதான். அக்ராஸ் 2-ஐயே ஃபியூஜி இங்கிலாந்தில்தான் செய்து வாங்குகிறது.

ஆலை நின்றால் பிடித்த பிலிமும் நிற்கும். கொடாக் 2012-ல் திவால் மனு கொடுத்த ஆண்டிலேயே எக்டாகுரோம் நின்றது, 2018-ல்தான் திரும்பியது. அக்ராஸ் 2018-ல் நின்று மறு ஆண்டு புது வடிவில் வந்தது. கல்யாணப் படக்காரர்கள் உயிராக மதித்த ஃபியூஜி ப்ரோ 400எச் 2021-ல் நின்றது, திரும்பவில்லை. மறுபுறம், ஹார்மன் தன் முதல் கலர் பிலிமான ஃபீனிக்ஸை 2023 இறுதியில் கொண்டுவந்தது. புது ஆலைக்கோ புதுக் கலவைக்கோ எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு அந்த பிலிமின் முரட்டுக் கிரெயினே அத்தாட்சி.

நமக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. ஊட்டியில் 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் பிரிண்ட் போடும் காகிதமும் செய்தது. தூசி குறைந்த, குளிர்ந்த மலைக்காற்று அந்தத் தொழிலுக்கு வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை ஸ்டூடியோக்காரர்கள் அதில்தான் தொழில் பழகினார்கள். தொண்ணூறுகளில் நலிவுற்ற நிறுவனமாகி, 2014-ல் மூடும் முடிவுக்கு வந்தது. இன்று இந்தியாவில் வாங்கும் ஒவ்வொரு சுருளும் கப்பலிலோ விமானத்திலோ வருவது. டாலர் விலையும் சுங்க வரியும் அதன் மேல் ஏறியே வருகின்றன. ஒரு சுருளின் விலையோடு கழுவும் கூலியையும் ஸ்கேன் கூலியையும் கூட்டி 36-ஆல் வகுத்துப் பார்த்தால்தான் ஒரு படத்தின் உண்மையான விலை தெரியும். கருப்பு வெள்ளையை 100 அடிச் சுருளாக வாங்கினால் சுமார் 18 காசெட் அடைக்கலாம். செலவு கணிசமாகக் குறையும். வாங்கியதை ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த பின் சில மணி நேரம் வெளியே ஆறவிட்டுப் பிரிப்பது நல்லது. எடுத்து முடித்த சுருளை மாதக்கணக்கில் கேமராவிலேயே விடுபவர்கள் பான் எஃப் பிளஸைத் தவிர்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கழுவிவிடும்படி இல்ஃபோர்டே சொல்கிறது.

என் தேர்வு

இத்தனையையும் சல்லடையில் போட்டால், வெயிலும் ஈரமும் மிகுந்த ஊரில், சொந்தக் கையால் கழுவிப் படமெடுக்க நினைப்பவருக்கு நான் சொல்லும் பெயர் எச்பி5 பிளஸ். அது எல்லாவற்றிலும் சிறந்தது என்று சொல்லவில்லை. டிரை-எக்ஸின் கான்ட்ராஸ்ட் அதில் இல்லை, டெல்டாவின் கூர்மை இல்லை, உச்சி வெயிலுக்கு அது வேகம் அதிகம். மஞ்சள் ஃபில்டர் போட்டுத்தான் ஒரு ஸ்டாப்பைக் குறைக்க வேண்டும். ஆனால் திண்ணையையும் மண்டபத்தையும் ஒரே சுருள் தாங்கும், ஐஸ் வாளிக் கழுவலைப் பொறுத்துக்கொள்ளும், 1989 முதல் இடைவிடாமல் கிடைக்கிறது. கலருக்கு கோல்டு 200-ஐ 100 என்று அளந்து எடுத்தால் போதும். போர்ட்ரா 400-ன் அருமையை நான் மறுக்கவில்லை. லேபைப் பற்றி உறுதியில்லாதவர் அந்தக் கூடுதல் பணத்தை நல்ல ஸ்கேனுக்குச் செலவழிப்பது மேல்.

என் பதிலை யாரும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை; சோதிக்கும் வழி எளியது. ஒரே முகத்தை, ஒரே இடத்தில், பெட்டியில் போட்ட ஸ்பீடிலும் ஒரு ஸ்டாப் குறைத்தும் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டியும் எடுங்கள். வெயிலில் ஒரு வரிசை, நிழலில் ஒரு வரிசை, டியூப்லைட்டில் ஒரு வரிசை. ஒரே லேபில், நிறத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லி ஸ்கேன் வாங்குங்கள். அந்த ஒரு சுருள் பத்து பிலிம்களை மாற்றி மாற்றிப் போடுவதைவிட அதிகம் கற்றுத்தரும். பிறகு ஒரு வருஷம் அதை விட்டு நகராதீர்கள். அதே சமயம் வேறு ஆலையிலிருந்து வரும் இன்னொரு பிலிமையும் வருஷத்துக்கு ஓரிரு சுருள் போட்டுக் கை பழக்கி வையுங்கள். கடையில் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லும் நாள் எந்த பிலிமுக்கும் வரும்.